பழந்துணிக் கடையும் பேரம் பேசுதலும்

தருமத்திற்கென்று பலர் கொடுத்த பழைய ஆடைகளையும் பாத்திரங்களையும் மலிவாக விற்கும் இடங்களில், இன்னும் விலையைக் குறைத்துக் கேட்டு வாங்குவது தகுமா என்று பாறசாலைப் பக்கத்து அன்பர் ஒருவர் நம்மிடம் வினவினார். கேள்வி சிறிதுபோல் தோன்றும். ஒரு சட்டைக்கு ஐம்பது ரூபாயா, முப்பது ரூபாயா என்பதில் என்ன தத்துவம் இருக்கிறது என்று சிலர் நகைக்கவும் கூடும். ஆயினும் கொடுத்தல், விற்றல், வாங்கல் ஆகிய மூன்று செயல்கள் ஒரே துணியின்மேல் நடைபெறுகின்றன; மூன்றிலும் மூன்று விதமான மனங்கள் இருக்கின்றன. ஆகவே இதைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

முதலில் தருமக் கடை என்பது யாது என அறிதல் வேண்டும். ஒருவர் தமக்கு வேண்டாத பொருளை இலவசமாகத் தருகிறார். ஊழியர் சிலர், பெரும்பாலும் கூலி வாங்காதவர், அதைத் தூய்மைசெய்து விலை குறித்து விற்கின்றனர். வந்த பணம் நோயாளிக்கோ, பசித்தவருக்கோ, அநாதைக்கோ செல்கிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் எட்கர் ஹெல்ம்ஸ் என்னும் பாதிரியார் 1902-இல் தொடங்கிய ‘குட்வில்’ நிறுவனம் இம்முறைக்குப் பேர்போனது. அவர் செல்வர் வீடுகளில் பழைய சாமான்களைத் திரட்டி, வேலையற்ற ஏழைகளைக் கொண்டே அவற்றைச் செப்பனிடச் செய்து, கூலியும் கொடுத்து, மலிவாக விற்றார். இங்கிலாந்தில், இரண்டாம் உலகப் போரின்போது கிரேக்க நாட்டில் பஞ்சத்தால் வாடியவர்களுக்கு உதவ 1942-இல் ஆக்ஸ்பர்டு நகரில் கூடிய குழுவே பின்னர் ‘ஆக்ஸ்பாம்’ ஆயிற்று. அந்நகரின் பிராடு தெருவில் அவர்கள் திறந்த கடையைத் தொடர்ந்து அந்நாடெங்கும் இத்தகைய கடைகள் பெருகின. இன்று அங்கே வசதியுள்ளவரும் கூச்சமின்றி அக்கடைகளுக்குள் நுழைந்து வாங்குகின்றனர்.

நமது நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைக் கிராமங்களில் இதே காரியம் வேறு வேடங்களில் நடந்து வருகிறது. மூத்தவன் சட்டை இளையவனுக்கும், இளையவன் சட்டை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் போவது ஒன்று. பழைய துணிக்குப் பாத்திரம் தருவதாகக் கூவிக்கொண்டு தெருத்தெருவாக வரும் வியாபாரி மற்றொன்று. ஒரு மூட்டைத் துணியைக் கொடுத்து ஒரு எவர்சில்வர் கிண்ணம் வாங்கும் நம் இல்லத்தரசியர், தாம் வென்றதாகவே எண்ணி மகிழ்கின்றனர். பழைய பட்டுச்சேலை என்றால் அவ்வியாபாரியின் கண் அகலும். சரிகையில் உள்ள வெள்ளியை அவன் அறிவான், நாம் மறந்துவிடுகிறோம். இஃது ஒருபுறம் இருக்க, மூன்றாவது வடிவம் ஒன்று உண்டு. இப்பகுதிக் கிறிஸ்தவத் திருச்சபைகளின் அறுப்புப் பண்டிகையில், காணிக்கையாக வந்த வாழைக்குலையும் தேங்காயும் மரச்சீனிக்கிழங்கும் சேவலும் ஏலம் விடப்படும். அங்கே ஒரு தேங்காய், சந்தை விலையைப்போல் பல மடங்குக்கு ஏறுவதைக் காணலாம். பணம் பொதுக்காரியத்திற்குப் போகிறது என்று தெரிந்திருப்பதால், வாங்குபவன் தானே விலையை உயர்த்துகிறான். அதே மனிதன் மறுநாள் களியக்காவிளைச் சந்தையில் அதே தேங்காய்க்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் வாதாடுவான். அவனைப் பழிப்பதற்கு இதைச் சொல்லவில்லை. விலை என்பது பொருளில் மட்டும் இல்லை, பணம் யாருக்குப் போகிறது என்ற நினைவிலும் இருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

இனி, பழந்துணியைப் பற்றி நமது நூல்கள் கூறுவதைப் பார்ப்போம். கோசாம்பி நகரத்து உதயண மன்னனைப் பெருங்கதையின் வாயிலாகத் தமிழர் நன்கு அறிவர். அம்மன்னனுக்கும் ஆனந்த தேரருக்கும் நடந்த உரையாடல் ஒன்று விநய பிடகத்துச் சுல்லவக்கத்தில் உள்ளது. புத்தர் பரிநிப்பானம் எய்திய பிறகு, ஆனந்தர் கோசாம்பிக்குச் சென்று அரசனது பூங்காவின் அருகே ஒரு மரத்தடியில் அமர்ந்திருந்தார். அரண்மனை மகளிர் அவரது அறவுரை கேட்டு மகிழ்ந்து ஐந்நூறு மேலாடைகளை அளித்தனர். செய்தி கேட்ட மன்னன் முகம் சுளித்தான். இவ்வளவு துணியை வாங்கிக்கொண்டு இந்தத் துறவி என்ன செய்யப்போகிறார், துணி வாணிகம் செய்வாரா, கடை விரிப்பாரா என்று ஐயுற்றான். நேரில் சென்று கேட்டும் விட்டான்.

ஆனந்தர் சினங்கொள்ளவில்லை. ஆடை நைந்துபோன பிக்குகளுக்குப் பகிர்ந்தளிப்போம் என்றார். அவர்களது பழைய ஆடைகளை என்செய்வீர் என்றான் அரசன். அவை படுக்கையின் மேல்விரிப்பாகும். பழைய மேல்விரிப்பு? அது மெத்தையின் உறையாகும். பழைய உறை? தரைவிரிப்பாகும். பழைய தரைவிரிப்பு மிதியடியாகும். பழைய மிதியடி தூசு துடைக்கும் துணியாகும். பழைய துடைதுணியைச் சிறுசிறு துண்டுகளாக நறுக்கி, மண்ணோடு பிசைந்து, தரையை மெழுகுவோம் என்று முடித்தார். வீணாவது ஒன்றுமில்லை என்று கண்ட மன்னன் மனம் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு ஆடைகளை அளித்தான் என்பது வரலாறு.

பஞ்சாலையில் பல ஆண்டுகள் உழைத்த நமக்கு இந்த உரையாடல் சற்றும் விந்தையாகத் தோன்றுவதில்லை. ஆலையிலே வேஸ்ட் என்றால் குப்பை என்று பொருளில்லை. கார்டிங்கில் விழும் கழிவு வேறு, கோம்பரில் பிரியும் குறும்பஞ்சு வேறு, முறுக்கேறிய நூல் வேஸ்ட் வேறு, தரையைப் பெருக்கி எடுத்தது வேறு. ஒவ்வொன்றும் தனிச் சாக்கில் கட்டப்பட்டுத் தனித்தனியே நிறுக்கப்படும், தனி விலைக்குப் போகும். திருப்பூரில் பனியன் வெட்டும்போது விழும் துண்டுத்துணி மீண்டும் பஞ்சாகக் கிழிக்கப்பட்டு, தடித்த நூலாகி, துண்டாகவும் விரிப்பாகவும் வருகிறது. நூலாக முடியாத மிச்சம் ‘பனியன் வேஸ்ட்’ என்ற பெயரில் மோட்டார்ப் பட்டறைகளிலும் அச்சுக்கூடங்களிலும் எண்ணெய் துடைக்கப் பயன்படுகிறது. ஆனந்தர் கூறிய துடைதுணி இதுவே அன்றோ! வடநாட்டில் பானிபட் நகரமோ, வெளிநாடுகளிலிருந்து வரும் பழைய கம்பளி ஆடைகளை நிறவாரியாகப் பிரித்து, நாராகக் கிழித்து, மறுபடி நூற்றுப் போர்வை நெய்கிறது. வெள்ளமும் நிலநடுக்கமும் வந்த இடங்களில் வழங்கப்படும் மலிவுப் போர்வைகள் பல அவ்வூரிலிருந்து வருபவையே. எங்கோ குளிர்நாட்டில் ஒருவர் கழித்த கோட்டு, இங்கே ஏதிலியின் முதுகைப் போர்த்துகிறது.

ஆனால் இவ்விடத்தில் நாம் ஒரு வேறுபாட்டைக் கூர்ந்து நோக்க வேண்டும். தொடக்ககாலப் பிக்குகள் குப்பைமேட்டிலும் இடுகாட்டிலும் கிடந்த துணிகளைப் பொறுக்கி, துவைத்து, தைத்து, துவர் ஏற்றி அணிந்தனர். பின்னர், வைத்தியராகிய ஜீவகர், பிரத்யோத மன்னனின் நோயைத் தீர்த்துப் பெற்ற உயர்ந்த ஆடையைப் பகவரிடம் கொணர்ந்து, இல்லறத்தார் அளிக்கும் ஆடைகளையும் பிக்குகள் ஏற்க இசைவு தரும்படி வேண்டினார். பகவரும் இசைந்தார், விரும்புவோர் கந்தையே அணியலாம், விரும்புவோர் இல்லறத்தார் தரும் ஆடையை ஏற்கலாம் என்று இரண்டையும் அவரவர் விருப்பத்திற்கு விட்டார். கந்தைகூடக் கட்டாயமன்று என்பதைக் கவனிக்க. பிக்கு கந்தையைத் தேர்ந்தெடுத்தான். ஏழைக்கு அந்தத் தேர்வு இல்லை. ஏழை தானே, இது போதும் என்று கூறி அவன்மேல் கந்தையைச் சுமத்துகிறவன், துறவை மற்றவன் தலையில் கட்டுகிறவன் ஆகிறான். அது தானமன்று.

இம்மண்ணில் வாழும் நமக்கு இது பிறரினும் நன்கு விளங்க வேண்டும். யார் எதை உடுக்கலாம் என்பதைப் பிறர் விதித்த நாடு நமது தென் திருவிதாங்கூர். நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணிந்ததற்காகத் தாக்கப்பட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி முழுவதும் அப்போராட்டம் நீண்டது. 1859 ஜூலை 26-இல் உத்திரம் திருநாள் மகாராஜா வெளியிட்ட அறிக்கை, அவர்கள் குப்பாயம் அணியவோ, மீனவப் பெண்களைப்போல் முரட்டுத் துணியால் மறைத்துக்கொள்ளவோ இடங்கொடுத்தது. ஆனால் மேல்சாதிப் பெண்களைப்போல் உடுத்தலாகாது என்று நிபந்தனையும் விதித்தது. உரிமை கொடுக்கும்போதே, முரட்டுத் துணி உனக்கு, மெல்லிய துணி எனக்கு என்று கோடு கிழித்தது அவ்வறிக்கை. நெய்யாற்றின்கரை வட்டத்து வெங்ஙானூரில் 1863-இல் பிறந்த அய்யன்காளி, 1893-இல் நல்லாடை உடுத்தித் தலைப்பாகை கட்டி வில்வண்டியில் ஏறிப் பொதுப்பாதையில் சென்றது ஏன்? 1915-இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டுப் போராட்டத்தின்போது, தாழ்த்தப்பட்ட பெண்கள் தங்கள்மீது சுமத்தப்பட்ட கல்மாலைகளை அறுத்தெறிந்தது ஏன்? உனக்கு இதுதான் தகும் என்று பிறன் கையால் வருவதை ஏற்க மறுத்ததே அதன் பொருள். இன்று ஒருவன் பொத்தான் அறுந்து, அக்குள் கிழிந்து, கறை படிந்த சட்டையைக் கட்டிக் கொண்டுவந்து, ஏழைகளுக்குக் கொடுங்கள் என்று போட்டுவிட்டுப் போகும்போது, பழைய கோட்டையே மீண்டும் கிழிக்கிறான். அவனுக்கு அது தெரியாது என்பது வேறு.

2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கியபின், தமிழ்நாட்டுக் கடலோரத்தில் லாரி லாரியாகப் பழந்துணிகள் வந்திறங்கின. எல்லாவற்றையும் இழந்த மக்களும் அவற்றுள் பலவற்றைத் தொடவில்லை. சாலையோரத்தில் குவிந்து கிடந்து மண்ணாயின. மீனவர்கள் செருக்குற்றவர்கள் என்று அப்போது சிலர் பேசினர். அறியாப் பேச்சு! இழந்தது வீட்டையும் படகையும் மனைவி மக்களையும். மானத்தை அவர்கள் இழக்கவில்லை. கேரளத்தை 2018-இல் வெள்ளம் சூழ்ந்தபோதும், பழைய துணி வேண்டா என்று உதவி மையங்கள் பலவற்றில் சொல்ல நேர்ந்தது. ஆப்பிரிக்காவிலோ இது ஆண்டு முழுதும் நடைபெறும் கதை. கானா நாட்டு அக்ரா நகரின் காந்தமாந்தோ சந்தைக்கு மேல்நாட்டுப் பழந்துணிகள் கட்டுக்கட்டாக வருகின்றன; விலைபோகாதவை அந்நகரின் கடற்கரையை மூடுகின்றன.

இதற்கு மாற்றாக நம் நாட்டில் ஒருவர் செய்த காரியம் போற்றத்தக்கது. டில்லியில் அன்ஷு குப்தா என்பவர் 1999-இல் ‘கூஞ்ச்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். நகரத்தார் தரும் துணிகளைத் தரம் பிரித்து, செப்பனிட்டு, கிராமங்களுக்கு அனுப்புகின்றனர். ஆனால் சும்மா கொடுப்பதில்லை. ஊரார் கூடித் தமக்கு வேண்டிய கிணற்றையோ குளத்தையோ சிறு பாலத்தையோ உழைத்து அமைக்கின்றனர். அவ்வுழைப்பின் பரிசாகத் துணி பெறுகின்றனர். உடுக்க உதவாத பருத்தித் துணியைத் துவைத்து, பெண்களின் மாதவிலக்குக்கான அணையாடையாகத் தைக்கின்றனர். 2015-இல் அவருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது. கையேந்திப் பெறாமல் கைம்மாறு தந்து பெறுவதே இதன் உயிர்நிலை.

தருமக் கடையின் சிறப்பும் அதுவே. ஏழை அங்கே இரப்பவன் அல்லன், வாங்குபவன். எல்லைக் கிராமம் ஒன்றில் ஒரு மண்டபத் திண்ணையில் நடந்த அத்தகைய விற்பனையில் நாம் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தோம். தோட்ட வேலைக்குப் போகும் அம்மையார் ஒருவர், பேரனுக்கு ஒரு கால்சட்டையைத் தேர்ந்தெடுத்தார். விற்றுக்கொண்டிருந்த அன்பர் இரக்கப்பட்டு, “கொண்டு போங்கம்மா, பைசா வேண்டாம்” என்றார். அம்மையார் கால்சட்டையைத் திரும்ப வைத்துவிட்டார். “சும்மா வேண்டாம் அண்ணாச்சி, வெல சொல்லுங்க” என்றார். இருபது ரூபாய் என்றதும் முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிக் கொடுத்துப் பெற்றுக்கொண்டார். சற்று நேரத்தில் காரில் வந்திறங்கிய ஒருவர், நாற்பது ரூபாய் குறித்திருந்த, அதிகம் உடுத்தாத பாலராமபுரம் கைத்தறி வேட்டியை எடுத்து, “இருபத்தஞ்சுக்குத் தா சாரே, பழசுதானே” என்று வெகுநேரம் வாதாடினார்.

இவ்விருவரையும் எண்ணிப் பார்த்தே நம் அன்பரின் கேள்விக்கு விடை கூறுகிறோம். சாதாரணச் சந்தையில் பேரம் பேசுதல் குற்றமன்று. அங்கே விற்பவன் பேரத்திற்கு இடம்வைத்தே விலை சொல்லுகிறான். அவனுக்குக் கொள்முதல் உண்டு, இலாபம் உண்டு, அதற்குக் கீழே அவன் இறங்கான். தருமக் கடையில் கொள்முதல் இல்லை. எவரும் இலாபத்தை எடுத்துப் போவதும் இல்லை. ஆகையால் அங்கே குறைக்கப்படும் ஒவ்வொரு ரூபாயும் விற்பவன் பையிலிருந்து குறைவதில்லை. கடைசியில் மருந்துக்கும் சோற்றுக்கும் காத்திருப்பவனிடமிருந்தே குறைகிறது. காரில் வந்தவர் வாதாடியது, தாம் கண்ணால் காணாத ஒரு நோயாளியோடு. கையில் பத்து ரூபாய்தான் உண்டு என்று ஒரு கூலித்தொழிலாளி கேட்டால், அது பேரமன்று. தன் நிலையைக் கூறுதல். அவனுக்குக் குறைத்துக் கொடுப்பது விற்பவன் கடமை.

வசதியுள்ளவர் அங்கே வாங்கவே கூடாது என்று சொல்வாரும் உளர். நாம் அதற்கு உடன்படோம். ஏழைகள் மட்டுமே நுழையும் கடை விரைவில் இழிவின் அடையாளமாகிவிடும்; பிறகு ஏழையும் நுழையக் கூசுவான். ஆனால் வசதியுள்ளவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஜூன் தொடக்கத்தில் பள்ளியும் திறக்கும், மழையும் தொடங்கும். அந்நாட்களில் பள்ளிச் சீருடை, புத்தகப்பை, குடை, போர்வை ஆகியவற்றை அவர்கள் தொடாமல் விடுதல் நலம். முதல் ஆளாக வந்து நல்லவற்றையெல்லாம் வாரிக்கொண்டு வேறிடத்தில் இரட்டை விலைக்கு விற்கும் வியாபாரியைப் பற்றியும் கேட்கின்றனர். அவன் திருடனல்லன், குறித்த விலையைக் கொடுத்தே வாங்குகிறான். ஒருவருக்கு இத்தனை உருப்படிதான் என்று வரையறுத்துவிட்டால் அவனால் தொல்லையில்லை. அவனைவிடத் தொல்லையானவர், கதவு திறக்குமுன் நல்ல சேலைகளைத் தமக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்ளும் ஊழியர்தாம்.

மலிவு என்பதற்காகவே பத்துச் சேலை வாங்கி அடுக்குவோர் தம்மைச் சிக்கனக்காரர் என்று கருதிக்கொள்கின்றனர். ஆடையை உடுக்கும்போது பிக்கு சிந்திக்க வேண்டியதாக நூல்கள் கூறுவது இது: குளிரையும் வெப்பத்தையும் தடுப்பதற்கு, ஈ, கொசு, காற்று, வெயில், ஊர்வன ஆகியவற்றின் தீண்டலைத் தடுப்பதற்கு, வெட்கத்தை மறைப்பதற்கு. இல்லறத்தார்க்கு விழாவும் கலியாணமும் உண்டென்பதால் இன்னும் ஒன்றிரண்டு காரணங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். கையிலெடுத்த துணி இவற்றுள் எதற்கும் உதவாதென்றால், அரை விலையாயினும் அது வீண்செலவே.

வாங்குவோர்க்குச் சில கைப்பழக்கங்களைக் கூறுவோம். துணியை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்க்க. இழை எங்கே தேய்ந்திருக்கிறதோ அங்கே ஒளி மிகுதியாகப் புகும். காலர் மடிப்பு, அக்குள், முழங்கை, கால்சட்டையின் இருக்கை ஆகியவை முதலில் நையும். இரண்டு கைகளாலும் பற்றி மெல்ல இழுத்தால், நைந்த துணி சிறு ஒலியோடு விட்டுக்கொடுக்கும். தையல் பிரிந்திருந்தால் அஞ்ச வேண்டா, தைத்துவிடலாம். இழை செத்திருந்தால் தைத்தும் பயனில்லை. பூஞ்சண வாடை எளிதில் போகாது. பருத்திதானா என்ற ஐயம் எழுந்தால், வீட்டுக்குக் கொண்டுவந்தபின் விளிம்பிலிருந்து ஓர் இழையை உருவி எரித்துப் பார்க்கலாம். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி மணிபோல் கெட்டியாகும். எதுவாயினும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தியபின்னரே உடுக்கவேண்டும். மின்சாரப் பொருள்களை அங்கேயே இயக்கிப் பாராமல் வாங்குதல் கூடாது.

இத்தகைய விற்பனையை நடத்த விரும்பும் அன்பர்கள், தாம் உடுக்கக் கூசும் துணியைப் பிறர்க்கு விலை குறிக்காதிருப்பாராக. கொண்டுவருவோர் துவைத்து மடித்துக் கொண்டுவரவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுக. விலையைச் சீட்டில் எழுதி ஒவ்வொன்றிலும் குத்திவைத்தால், பேரத்திற்கும் முகம் பார்த்துச் சொல்லும் விலைக்கும் இடமிராது. பணம் எதற்குப் போகிறதென்று வாயிலில் ஒரு பலகையில் எழுதிவைக்க. அறுப்புப் பண்டிகை ஏலத்தில் கண்டதுபோல, அதைப் படிப்பவருள் சிலர் தாமாகவே கூடுதலாகக் கொடுப்பர். உடுக்க உதவாத பருத்தித் துணிகளைத் தனியே கட்டி மோட்டார்ப் பட்டறைக்கு எடைக்குப் போடலாம். போடுமுன் பொத்தான்களையும் கொக்கிகளையும் கத்தரித்து ஒரு டப்பாவில் சேர்த்துக்கொள்ளவும். அடுத்த விற்பனைக்கு வரும் சட்டைகளுக்கு அவை வேண்டியிருக்கும்.